வலப்பக்கக் கதவு

ஐம்பத்து மூன்றாம் வருடத்து ஃபார்கோ பிக்கப்.
கனோரா ஏலத்தில் எனக்கு விழுந்தது,
போட்டிக்கு நின்றவனுக்குச் சரியான நேரத்தில்
தும்மல் வந்ததால்.

இடப்பக்கக் கைப்பிடி சுலபம்.
சுழலும்; பிடிகொடுக்காது.
உள்ளே போகிற சதுரத் தண்டு
எழுபது வருட இழுப்பில் மழுங்கி
வட்டமாகியிருந்தது.
பித்தளைத் தகட்டை வெட்டிச் சுற்றி
அரம் போட்டு
நாலு மூலையையும் திருப்பிக் கொடுத்தேன்.
ஒரு மாலை. இரண்டு காப்பி.

சாவித் துவாரம் வலப்பக்கம் மட்டும்.
அந்தக் காலத்து வண்டி அப்படி:
ஓட்டுகிறவன் தன் கதவை உள்ளிருந்தே தாழிட்டு
இருக்கையில் நகர்ந்து நகர்ந்து
நடைபாதைப் பக்கம் இறங்கிப் பூட்டவேண்டும்.
சஸ்காச்சுவான் கோதுமை வயலில்
நடைபாதை எங்கே என்று
செய்தவனுக்குத் தோன்றவில்லை.

சாவி நுழைந்தது, திரும்பவில்லை.
மூன்று நாள் எண்ணெயில் ஊறியது.
பிரித்தபோது அரிசி அளவு ஸ்பிரிங் ஒன்று துள்ளி
எங்கோ போய்
இரவு சாப்பாட்டில்
நோரீனின் ஸ்வெட்டரில் கிடைத்தது.
பென்சில் கரித்தூளை ஊதிப் போட்டேன்.
திரும்பியது,
தூக்கத்தில் புரண்டு படுக்கிறவனைப் போல.

மிச்சம், வலப்பக்கத்து உள் கைப்பிடி.
தகரப் பலகையில் ஆறு திருகாணி,
ஐந்து வந்தன, ஒன்றைத் துளைத்தேன்.
உள்ளே எலி கட்டிய கூடு, கோதுமை உமி,
நனைந்து காய்ந்த காணிக்கை உறை.
நோரீன் டார்ச்சைச் சாய்த்தாள்.

எதுவும் உடைந்திருக்கவில்லை.
இழுகம்பியைத் தாழிலிருந்து கழற்றி
வேலிக்கம்பியால் ஓரமாய்க் கட்டியிருந்தார்கள்.
நாலு முறுக்கு.
பிறகு வருகிற கையைக் கிழிக்காதபடி
முனையை உள்பக்கமாய் மடக்கி.

யாரோ ஒருவர்
உள்ளே இருப்பவர் இறங்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.
அன்றிரவு எனக்கு அந்த வண்டி பிடிக்கவில்லை.

காலையில், விற்ற ஒரிசியாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அதுவா? நான்தான்" என்றாள்.
"நாலு வயது. அம்மா நடுவில்,
நான் கதவில் சாய்ந்து தூக்கம்.
கை எங்கே பட்டதோ.
பள்ளத்தில் இடுப்பளவு பனி, கீறல்கூட இல்லை.
அரை மைல் தள்ளித்தான் அம்மா
பக்கத்தில் தடவிப் பார்த்திருக்கிறாள்.
அன்றைக்கு உடைந்த கைப்பிடி அது.
பாகம் கிடைக்கவில்லை என்பார் அப்பா,
எப்போது கேட்டாலும்."

உடையவில்லை, கட்டியிருந்தது என்றேன்.

கம்பியின் மறுமுனையில் ஒரு கெட்டில் கொதித்து
தானாக அணைந்தது.

"நாங்கள் எல்லோரும் போன பிறகும்
அம்மா அந்தப் பக்கம்தான் உட்கார்ந்தாள்.
ஞாயிறுதோறும் தேவாலய வாசலில்
அவர் இறங்கி, மூக்கைச் சுற்றி நடந்து வந்து
திறந்துவிட வேண்டும். மைனஸ் முப்பதிலும்.
டிமித்ரோவைப் போல மரியாதை தெரிந்தவன் இல்லை என்று
மற்ற பெண்கள் தங்கள் வீட்டில் சண்டை போட்டார்கள்.
அம்மா அதைத் திருத்தவே இல்லை.
அவளுக்குத் தெரியுமோ என்னவோ."

அவிழ்க்க மறந்தாரா, மறக்கவில்லையா,
அவள் கேட்கவில்லை. நானும்.
ஒன்று மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
உள்ளிருந்து வலப்பக்கம் இறங்க முடியாதவனால்
இந்த வண்டியைப் பூட்டவே முடிந்திருக்காது.
நாற்பது வருடம்
ஒரு கதவு திறக்காமல், ஒரு கதவு பூட்டாமல்
ஊர் நடுவே நின்றிருக்கிறது.

இழுகம்பியைத் தாழில் கோத்தேன், புதுக் கொக்கி போட்டு.
முதலில் கதவு கவ்வவில்லை.
தாழ்த்தகட்டை ஒரு நகக்கண் அளவு உள்ளே தள்ளியதும்
கவ்வியது.

ஒரிசியா யார்க்டனிலிருந்து வந்தாள்.
வந்தவள் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை.
நேரே ஏறி, அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து
கதவைச் சாத்தினாள். திறந்தாள்.
சாத்தினாள். திறந்தாள்.
அக்டோபர் காற்று கொட்டகைக்குள் நுழைந்து
மேசை விளக்கை ஆட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தக் கம்பியைக் கேட்டாள்.
நோரீன் அதை ஏற்கெனவே
தக்காளிச் செடிக்குக் கட்டியிருந்தாள்.