இடுப்பளவுக் கோடு

பகாவ் டவுனைத் தாண்டி, செம்பனை ஆலைக்கு முந்தின முடக்கில்
பழைய தோட்டக் கிளப். இப்போது கல்யாண மண்டபம்.
பின்பக்கம் நீச்சல் குளம்:
விளிம்புவரை தேநீர் நிறத் தண்ணீர்,
மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அதன்மேல் தவளை.

சுவரைத் தொட்டால் கை கிழிகிறதாம்,
முதலாளி யாப் விரலைக் காட்டினார்.
கிழியத்தான் செய்யும்.
புளித்த தண்ணீர் சுண்ணாம்பு தேடும்.
ஐந்து வருஷமாய் அதைப் பசியாறியாச்சா என்று
யாரும் கேட்கவில்லை.
அது சுவரைச் சாப்பிட்டது.

உடனே இறைக்க நான் சம்மதிக்கவில்லை.
மூன்று நாள் மழை, மண்ணுக்குள் ஊற்று ஏறியிருக்கும்.
நிறைந்த குளம் நிலத்தில் உட்கார்ந்திருக்கும்;
காலிக் குளம் கப்பல்.
ரொம்பினில் பார்த்திருக்கிறேன்:
ராத்திரி இறைத்துவிட்டுப் படுத்தார்கள்,
விடிந்தபோது ஆழப் பக்கம் அரையடி மேலே நின்றது,
ஏணியோடு, ஓடுகளோடு,
எங்கேயோ புறப்பட்டதுபோல.

நாலு நாள் வெயிலுக்குக் காத்திருந்தேன்.
இறைத்த கையோடு அடியில் ஒரு துளை போட்டேன்.
நிலத்தடித் தண்ணீர் வந்தது.
தெளிவாக. யாரும் கூப்பிடாமல்.

பிறகு சுத்தியல்.
கொழுந்தன் தவசீலன் சுவரோரமாய்த்
தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டே நடப்பான்.
'டக்' என்றால் பிடித்திருக்கிறது.
'டொப்' என்றால் உள்ளே காற்று.
ஒவ்வொரு டொப்பைச் சுற்றியும் சாக்கட்டி வட்டம்.
மாலைக்குள் குளம் முழுக்க வட்டங்கள்,
மழை விழத் தொடங்கிய தண்ணீர்போல,
தண்ணீர்தான் இல்லை.

வியாழன் விடிகாலை ஐந்துக்கே கலவை.
வெள்ளைச் சிமெண்டு, பளிங்குத் தூள்.
வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும்.
பாதியில் விட்டால் காய்ந்ததும் ஈரமும்
ஒரே சமையலறையில் பேசாத ஓரகத்திகள்.
ஷொஹிதுல் ஆணி வைத்த காலணியோடு
ஈரத்தின்மேல் கொக்குபோல் நடந்து
கரணையை இழுத்தான்,
இழுத்தான்,
இரும்பின் சத்தம் மாறும்வரை.
அவன் வியர்வை சொட்டிய இடத்தை
அவனே திரும்பி வந்து தேய்த்தான்.

மறுநாள் குழாயைத் திறந்தேன்.
வாயில் துணி கட்டி, ஆழத்தில் கிடத்தி.
இனி ஒரே விதி:
விளிம்புவரை நிற்கக் கூடாது.
நின்றால், நின்ற இடத்தைக்
குளம் எழுதி வைத்துக்கொள்ளும்.

ராத்திரி இரண்டு பத்துக்குக் குழாய் இருமியது.
பிறகு வெறும் காற்று. பிறகு அதுவும் இல்லை.
பெரிய குழாய் வெடித்துவிட்டதாம்,
டவுன் முழுக்கத் தண்ணீர்த் தடையாம்.
ஆழப் பக்கம் இறங்கிப் பார்த்தேன்:
என் இடுப்பளவு.

தண்ணீர் லாரி பாக் ஹம்சாவை எழுப்பினேன்.
கிளினிக்குக்குப் போகணும், லயத்துக்குப் போகணும்,
உனக்கு நீச்சல் குளத்துக்கா என்றார் மலாயில்.
எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும்
அதற்குப் பதில் இல்லை.
"சரி, அங்கேயே போங்க" என்றேன்.

தண்ணீருக்கு மேல் நின்ற சுவர் காயாமலிருக்க
வாளியால் விசிறிக்கொண்டே இருந்தோம்,
தவசீலன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
பதினாறு மணி நேரம்.
தோள் கழன்றது. கோடு விழுந்தது.

இரண்டு வாரம், காலையும் மாலையும் பிரஷ் போட்டேன்.
மாவு போனது. திட்டு போனது.
கோடு போகவில்லை.

"இது என்ன?" யாப் குனிந்தார்.
நான் வாய் திறக்குமுன் தவசீலன்,
"டிசைன் பாஸ்."
அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
"நேராத்தான் இருக்கு."
தண்ணீர் போட்ட கோடு வேறெப்படி இருக்கும்.
நான் பில்லில் இருநூறு வெள்ளி குறைத்தேன்.
ஏனென்று அவர் கேட்கவில்லை.

மாதம் ஒருமுறை தண்ணீரைச் சோதிக்க வருகிறேன்.
இன்று யாருக்கோ பந்தி நடக்கிறது,
பிள்ளைகள் குளத்தில்.
முக்குளித்துக் கோட்டைத் தொட்டு வர வேண்டும்,
அதுதான் பந்தயம்.
ஒருத்தி மூக்கைப் பிடித்துப் போனாள்,
ரொம்ப நேரம்,
சோதனைக் குப்பியை மூட மறந்து நின்றேன்,
மேலே வந்து, தண்ணீரைத் துப்பிவிட்டு,
"தொட்டுட்டேன்!"