கால் சுற்று

பாறசாலை டாக்டர் மலையாளத்தில் சொன்னது
களியக்காவிளை பஸ்ஸில் ஏறிய பிறகுதான்
முழுசாகத் தமிழில் கேட்டது:
மேல்தாடை வளர மறந்துவிட்டது.
எட்டு வயது. இப்போது இழுத்தால் வரும்.
பதினைந்தில் எலும்பு யார் சொல்லும் கேட்காது.

என் முகத்தைப் பார்த்தபடிதான் சொன்னார்.
ஷேவ் செய்யும் கண்ணாடியில்
என் கீழ்வரிசை முன்னே துருத்தி நிற்கும்,
சரியாக அடையாத மேசை இழுப்பறை மாதிரி.
பள்ளிக்கூடத்தில் என் பெயர் மண்வெட்டி.
மண்வெட்டிக்கு வைத்தியம் உண்டென்று
அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

அண்ணத்தில் ஒரு கம்பிப் பூச்சியை ஒட்டினார்கள்.
நடுவில் திருகு.
ராத்திரி ஜெஸ்லின் வாயைத் திறப்பாள்,
நான் சாவியை நுழைத்து
முன்னிருந்து பின்னுக்குக் கால் சுற்று.
கால் மில்லிமீட்டர்.
பட்டை சீவுகிற கைக்கு அந்தக் கணக்கு புரியும்:
ஒரு நூல் ஆழம் போனால் மரம் புண்ணாகும்,
மேலோடு நின்றால் பால் வராது.

"அப்பா, மூக்குக்குள்ள இறுக்குது."
"எண்ணு பிள்ளே, இருபது வர."
பன்னிரண்டில் அழுதாள்.

ஒன்பதாம் நாள் முன்பல் இரண்டும் விலகி
தீக்குச்சி நுழையும் வெளி.
புஷ்பலதா சாவியைப் பிடுங்கி
அரிசிப் பானைக்குள் எறிந்தாள்.
"இருந்த அழகையும் கெடுத்தாச்சு."
போனில் டாக்டர் சிரித்தார்,
அதுதானே வேண்டியிருந்தது என்று.
சாவியைத் தேட அரைமணி நேரம்.
அதற்குள் ஜெஸ்லின்
அந்த இடைவெளியில் விசிலடிக்கப் பழகியிருந்தாள்.

பிறகு முகமூடி.
நெற்றியில் திண்டு, நாடியில் கிண்ணம்,
நடுவே நிற்கும் கம்பியிலிருந்து வாய்க்குள்
இரண்டு ரப்பர் வளையம்.
பதினாலு மணி நேரம், தினமும் புதுசு.
எந்த ஊர்ப் பால் என்று பாக்கெட்டில் எழுதவில்லை.

மூன்று மணிக்கு
தலையில் பட்டை கட்டி விளக்கை மாட்டி
வெட்டுக்குக் கிளம்பும் முன் குனிந்து பார்ப்பேன்.
வெளிச்சம் அவள் நெற்றித் திண்டில் விழும்.
அவள் தலையிலும் பட்டை.
வளையம் தெறித்துத் தலையணையில் கிடந்தால்
இழுத்து மாட்டுவேன்.
தூக்கத்திலேயே என்னைத் திட்டுவாள்.
அப்புறம் முந்நூறு மரம்.

மழை மாதத்தில் வெட்டு இல்லை,
கூலி இல்லை, தவணை இருந்தது.
சோதனைச் சாவடியில் போலீஸ்காரர்
பைக்குள்ளிருந்து அதைத் தூக்கி
"எந்தாணு இது?" என்றார்.
ஜெஸ்லின் வாங்கி மாட்டிக் காட்டினாள்.
மொத்த பஸ்ஸும் எட்டிப் பார்த்தது.
அவர் பேசாமல் ஜிப்பை இழுத்து மூடினார்.

ஏழாம் மாதம் ஒரு சனிக்கிழமை
புது வளையப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள்.
"பல்லால பிய்க்காதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"
கத்தி முடித்த பிறகுதான்
கையில் வாங்கிப் பார்த்தேன்.
ஓரம் நேராக அறுந்திருந்தது.

இன்னொரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு
பின்வாசலுக்குப் போய்
நானும் ஒரு கடி கடித்தேன்.
ஈரமானது, அவ்வளவுதான்.