நாற்பத்தொன்றாம் பக்கம்

பாலக்கோடு தக்காளி மண்டியில்
விடிகாலை மூன்றுக்கு என் மேசை விளக்கு எரியும்.
கிரேடு எண்ணிக்கை, ஏற்றுக்கூலி, கமிஷன்,
பெங்களூர் லாரிக்கு ஒரு சீட்டு,
சேலத்துக்கு ஒரு சீட்டு.
ஏலம் ஓய்ந்த ஏழு மணியிலிருந்து
பணம் வந்து சேரும் ஒன்பது மணிவரை
பேரேட்டுக்கு அடியில்
ரொசாலி மச்சாது.

அவள் கடற்கரைக்காரி.
வள்ளம், மடிவலை, கொண்டல் என்று எழுதுவாள்.
நான் கண்ட பெரிய தண்ணீர்
ஆடிப்பெருக்கில் ஒகேனக்கல்.
பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது,
கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.
பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம்,
பாதி புரிந்தே பழகிய ஊர் இது.

இவளை ஏன் இப்படிப் படிக்கிறாய் என்பார்கள்.
நூலகர் குப்புராஜ் "நடை, அந்த நடை" என்பார்,
ஏதோ ரொசாலி தினமும்
ரயிலடிவரை போய்வருவதுபோல.
கௌரம்மாவுக்கு முடிவுதான் முக்கியம்.
கடைசிப் பக்கத்தை முதலில் படித்து
கல்யாணம் ஆகிறதென்றால்தான் எடுத்துப்போவாள்.

எனக்கு நாற்பத்தொன்றாம் பக்கம்.

அதில் ஒன்றும் நடக்காது.
மீன் விற்றுத் திரும்பும் ஒருத்தி
பஸ்ஸில் யாரோ சொன்னதற்குச் சிரிக்கிறாள்.
சிரிக்கும்போது புறங்கையால் வாயை மூடிக்கொள்கிறாள்.
அவ்வளவுதான்.
அடுத்த வரியில் கண்டக்டர் சில்லறை கேட்கிறார்.

ஏன் மூடினாள் என்று எழுதவில்லை.
வெட்கம் என்று எழுதியிருந்தால்
புத்தகத்தை அன்றே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

எங்கள் போர் தண்ணீரைக் குடித்து
பல் முளைத்தவர்கள் நாங்கள்.
கருப்பட்டி மென்றதுபோல் ஒரு பட்டை.
துலக்கினால் போகிற கறை இல்லை.
என் கல்யாணத்தில் போட்டோக்காரன்
"சிரிங்கக்கா, சிரிங்க" என்று
ஐந்து தரம் சொன்னான்.
சிரித்தேன்.
ஆறாம் தரம், "சரி விடுங்க" என்றான்.

அந்தச் "சரி விடுங்க"வை
யாரும் எழுதிப் பார்த்ததில்லை.
இவளும் எழுதவில்லை.
ஆனால் எழுதாமல் விட்ட இடம்
சரியாக என் கை அளவு இருந்தது.

தருமபுரி புத்தகத் திருவிழாவுக்கு அவள் வந்தாள்.
கணக்கை மாமன் மகனிடம் தள்ளிவிட்டு பஸ் ஏறினேன்.
வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர்
(எண்ணுவது தொழில்).
தூரத்திலிருந்தே தெரிந்தது,
பல்லெல்லாம் பச்சரிசி.
அண்ணாந்து, முழு வாயால்,
கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள்.
எனக்குள் ஒரு கிரேடு கவிழ்ந்து
பழமெல்லாம் உருண்டது.

வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.
அதற்குள் என் முறை.
பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து,
"இவ ஏன் வாயை மூடினா?" என்றேன்.
கண்ணாடியை ஏற்றிப் படித்தாள்.
"நானா எழுதினேன்?
ஞாபகமே இல்லையேம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கை தானாக எழுந்தது.
அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு பேர் கேட்டாள், சொன்னேன்.
"மகேஸ்வரிக்கு, அன்புடன்."

நான் மாதேஸ்வரி.
திருத்தவில்லை.
மாதேஸ்வரன் மலை
அவள் ஊருக்கு எந்தத் திசையோ.

எழுதியவளுக்கே தெரியாத சரக்கை
இத்தனை வருஷம்
சீட்டில்லாமல் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.
கமிஷனும் கொடுக்கவில்லை.

போன மாதம் அவளுடைய புது நாவல் வந்தது.
தக்காளி கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்த வாரம்,
இருந்தும் வாங்கினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
யாரும் வாயை மூடவில்லை.

மறுபடி முதலிலிருந்து பார்த்து வருகிறேன்.