வலக்காலில் கியர்

என்னிடம் இரண்டு ஸ்பானர் பெட்டி.
ஒன்று மில்லிமீற்றர். மற்றது விட்வொர்த்,
அதுவும் முழுசாய் இல்லை.
கால் அங்குல நட்டுக்குப் பதின்மூன்று ஏறாது,
பதினான்கு வழுக்கும்.
ஒரு பதின்மூன்றை அரத்தால் ராவி ராவி
இரண்டு போயாவும் ஒரு ஞாயிறும் செலவழித்து
வாயை அகட்டினேன்.
இனி அது வேறெந்த நட்டுக்கும் உதவாது.

பி.எஸ்.ஏ., முந்நூற்றைம்பது சீசீ, ஐம்பத்துமூன்றாம் ஆண்டு.
துணுக்காயில் சூசைதாசனின் உரக்கொட்டிலில்
டாங்கியின் மேல் கோழி அடைகிடந்தது.
குஞ்சு பொரிக்கட்டும், பிறகு கொண்டுபோ என்றான்.
மூன்று கிழமை பொறுத்தேன்.
எப்படித் தப்பியது என்று கேட்டதற்கு
தாட்டு வைத்தேன் என்றான்,
இரண்டு தரம்.

பிறகு மல்லாவியில், என் குசினிக்குப் பின்னால்
பால்மாப் பெட்டி மட்டையில் காஸ்கட் வெட்டினேன்.
ஒழுகியது.
இன்னொன்று வெட்டினேன், கொஞ்சமாய் ஒழுகியது.
அதோடு விட்டேன்.
மக்னற்றோவுக்குள் ஒரு கிராமத்தின் மண்.
வவுனியாவில் மின்விசிறிக்குக் கம்பி சுற்றும் இமாம்டீன்
தலைமயிரிலும் மெல்லிய கம்பியில் அதைப் புதிதாய்ச் சுற்றி
பேப்பரில் பொதிந்து
கடைசி பஸ்ஸில் கொண்டக்டர் கையில் கொடுத்துவிட்டார்.
கூலியை மாம்பழமாய்க் கேட்டார்.

பொயின்ற் இடைவெளி
அங்குலத்தை ஆயிரமாய்ப் பிரித்தால் பன்னிரண்டு.
அளக்கிற தகடு என்னிடம் இல்லை.
நிமலரூபனின் கல்யாணக் காட் இருந்தது.
ஓரத்தில் ஒரு கீலம் வெட்டிச் செருகினேன்.
மட்டாய் இருந்தது.
பதினொரு வருஷம் அதை எதற்கு வைத்திருந்தேன் என்று
அன்று காலைவரை எனக்கே தெரியாது.

ஸ்கூட்டி எடுக்கலாமே, காலுக்கு வேலையே இல்லை
என்கிறாள் றெஜினாக்கா.
எடுக்கலாம்.

மில்லிமீற்றர் பெட்டி என் இடக்காலுக்கு.
பாதத்தைப் பிடிக்கிற நட்டு
மாரிக்கு ஒருக்கால் தளரும்.
ஊரில் ஓடுகிற மோட்டார்சைக்கிள் எல்லாவற்றுக்கும்
கியர் இடப்பக்கம்.
விரல்நுனியால் தூக்க வேண்டும்;
எனது விரல்கள் ஐந்தும் அச்சில் வார்த்தவை.
இங்கிலாந்துக்காரன் என்ன யோசனையிலோ
கியரை வலப்பக்கம் வைத்துப் பிறேக்கை இடப்பக்கம் வைத்தான்.
என்னை நினைத்தல்ல.
மிதிக்க அந்தக் காலுக்குத் தெரியும்.
எவ்வளவு மிதித்தேன் என்பதைச்
சில்லின் சத்தத்தில்தான் அறிகிறேன்.

போன வெள்ளி வவுனிக்குளத்துக் கட்டில்
பொலிஸ்காரன் மறித்தான், புதியவன், மீசை சரியாய் முளைக்கவில்லை.
புத்தகம் பார்த்தான், லைசென்ஸ் பார்த்தான்,
பார்க்கவில்லை போல என் காலையும் பார்த்தான்.
"அக்கா, நான் ஓடி பாக்கிறது?"
ஏறினான். கிளச்சை இழுத்து
இடக்காலால் பிறேக்கை அமத்திவிட்டுக் கிளச்சை விட்டான்.
வண்டி அசையவில்லை. முறுக்கினான்.
கொக்குகள் எழும்பின. வண்டி அசையவில்லை.
கோளாறு என்று வலக்காலை மிதித்தான், நிறுத்த.
நறநறவென்று முதலாம் கியருக்குள் விழுந்து
நாயுண்ணிப் பற்றைக்குள் ஒரு பாய்ச்சல்,
பிறகு அமைதி.

தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டு
தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தான்.
"இது பிழை வண்டி அக்கா."
ஓம் என்றேன்.

வீட்டில் ஸ்ராட் பண்ணும்போது முதிரைத் தூண் இருக்கிறது சாய.
கட்டில் ஒன்றுமில்லை.
காபரேட்டரைக் குத்திப் பெற்றோல் ததும்ப விட்டு
நெருப்பைப் பின்னுக்குத் தள்ளினேன்,
இல்லாவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும்,
இருக்கிற கணுக்காலும் போய்விடும்.
வால்வைத் தூக்கி, பிஸ்டனை மேடு கடத்தி,
"தம்பி, இடப்பக்கம் வந்து நில்" என்றேன்.
வந்து நின்றான்.
"தோளைத் தா."

மூன்றாவது உதையில்
பிடித்தது.