சரக்கு: குடிநீர்

தாராந்தோ கடற்படை அலுவலகத்தில்
மூழ்கிய கப்பல்களுக்கு நான்தான் எழுத்தர்.
போர்க்கப்பல் என்றால் தடித்த கோப்பு.
'ஃபொந்தனெல்லா'வுக்கு ஒற்றைத் தாள்.

கட்டியது 1911. முதலில் ஏற்றியது
மர்சாலாவின் திராட்சை மது.
கடற்படை வாங்கித் தொட்டிகளை மும்முறை கழுவியும்
முதல் வருடத் தண்ணீரில் பழவாடை போகவில்லையாம்.
கானாவூர்க் கல்யாணம் தலைகீழாய் நடக்கிறதென்று
லினோசா தீவின் பாதிரியார் சிரித்திருக்கிறார்.

லினோசாவில் ஊற்றில்லை, ஆறில்லை.
எரிமலை துப்பிய கருங்கல்லும்
மழையை நம்பிய தொட்டிகளும்தான்.
பதினைந்து நாளுக்கொருமுறை சங்கு ஊதினால்
கழுதைகள்கூடத் துறைக்கு இறங்கிவிடும்.
குழாய் மாட்டுமுன் பம்புக்காரர் லிபோரியோ
ஒரு கரண்டி குடித்துக் காட்டவேண்டும்.
விதியில் இல்லை;
ஊர் கேட்டது.

நாற்பதில் சாம்பல் நிறம் பூசினார்கள்.
ஒரு யந்திரத் துப்பாக்கி, அதற்கொரு ஆள்,
பலேர்மோவில் முடிவெட்டிக்கொண்டிருந்தவன்.
தீவுகளுக்குப் பதில் திரிப்போலி.
சிப்பாய் தொண்டைக்கும் லாரி ரேடியேட்டருக்கும்
அதே தண்ணீர்.
லினோசா அடிவண்டலைத் துணியில் வடிகட்டியது.
'மணிக்கு ஏழு கடல்மைல், வாத்து முந்தும்' என்று
தாளின் ஓரத்தில் யாரோ பென்சிலில் கிறுக்கியிருந்தார்கள்.
நான் அழிக்கவில்லை.

1942 நவம்பர், நிலவுள்ள இரவு. டார்பிடோ.
பத்தொன்பது பேரில் ஒருவர்,
இரண்டு நாள் கழித்து, ஒரு கதவுப் பலகையில்.

வாக்குமூலம் எழுதியது நான்.
லிபோரியோவின் உதடு பாளம்பாளமாய் வெடித்திருந்தது.
"தொட்டி பிளந்தது, ஐயா.
உள்ளே இருந்ததெல்லாம் மேலே வந்தது.
நீந்துகிற வாயில் உப்பில்லை.
மிதந்தவர்கள் எல்லாரும் குடித்தோம்.
முடிவெட்டுகிற பையன் சிரித்தான்.
ஒரு நிமிஷம் இருக்கும்.
அப்புறம் அலை கலக்கிவிட்டது."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
சரக்கு: குடிநீர், 210 டன்.
இழப்பு:
'முழுவதும்' என்று எழுதுமுன் கொஞ்சம் தாமதித்தேன்.
எழுதினேன்.

என் மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளரை
அவர் கேட்காமலே எடுத்தார்.
அத்தனை தாகத்திலும் முதல் வாயை
நாக்கில் நிறுத்தி வைத்திருந்தார்.
என்னைப் பார்த்து, 'இறக்கலாம்' என்பதுபோல்
தலையசைத்தார்.
பிறகுதான் விழுங்கினார்.