தீர்மானம் எண் மூன்று

மாதத்தின் முதல் வெள்ளி, மாலை மூன்று மணி.
கூட்டக் குறிப்பை நான்
வியாழன் இரவே எழுதி முடித்துவிடுவேன்.
வரவேற்பு, தீர்மானங்கள், தேநீர், நன்றியுரை.
நடுவில் எதுவும் நடந்துவிடாது என்ற தைரியம்.

மேலாண்மைக் குழுவில் இருபது பேர்.
பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள்.
வட்டார அலுவலகத்தில் இதைச் சொன்னபோது
ஒருவரும் சிரிக்கவில்லை.
படிவத்தில் இருபது கட்டம் இருக்கிறது,
நிரப்பிக் கொடுங்கள் என்றார்கள்.

நிரப்பினேன்.
பெற்றோர் பதினைந்து பேர், அதில் மூவர்
ரேணிகுண்டாவில் சென்ட்ரிங் வேலை,
பண்டிகைக்கு மட்டும் ஊர் திரும்புவார்கள்.
வார்டு உறுப்பினர் பக்தவத்சலு.
மகளிர் குழுவிலிருந்து ஒருத்தி.
எப்போதோ இங்கே படித்த ஒருவர்.
தலைவியாக ஒரு தாய் வேண்டும் என்றதும்
எல்லோரும் முனெம்மாவைப் பார்த்தார்கள்.
அன்றைக்குக் கடைசியாக வந்தவள் அவள்.

நகரிப் பக்கமிருந்து வாழ வந்தவள்.
சீசனில் மாங்கூழ் ஆலை,
மற்ற நாளில் கிடைத்தது.
எட்டாவது வரை படித்திருக்கிறாள், தெலுங்கில்.
தமிழ் பேச்சுக்கு உண்டு, எழுத்துக்கு இல்லை.
நான் விரல் வைத்துக் காட்டும் இடத்தில்
கழற்றி வைத்த கொலுசுபோல
ஒரு கையெழுத்துப் போடுவாள்.
பதினோரு மாதம், பதினோரு கொலுசு.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு வந்தது ஆறு பேர்.
நோட்டை நகர்த்தினேன்.
பேனாவை அவள் வாங்கவில்லை.

"இதுல என்னா கீது டீச்சர்?"
"வழக்கம்போலத்தான்."
"வழக்கம்னா?"

வாசலில் நின்ற மகளைக் கூப்பிட்டாள்.
லோகேஸ்வரி, நான்காம் வகுப்பு.
"படி."

நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே படித்தாள்,
சொல்லுக்குக் கீழே விரல்,
முற்றுப்புள்ளியில் மூச்சு.
'உறுப்பினர்கள் இருபது பேரும் கலந்துகொண்டனர்.'
தலையைத் தூக்கி எண்ணினாள்.
எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனாள்.
'தீர்மானம் எண் மூன்று.
கழிப்பறையில் தண்ணீர் வசதி
திருப்தி... கரமாக உள்ளது.'

"திருப்திகரம்னா என்ன மிஸ்?"

பக்தவத்சலு போனைத் தேய்த்தார்.
தேநீரில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.
தாய் தெலுங்கில் கேட்டாள்,
மகள் தெலுங்கில் சொன்னாள்.
எனக்குத் தெலுங்கு அரைகுறைதான்.
ஆனாலும் 'நீள்ளு லேது' என்பது
இந்த எல்லையில் யாருக்குத்தான் புரியாது?

பொங்கலோடு கருகிப்போன மோட்டார் காயில்.
பெண்பிள்ளைகள் மதியம் வீட்டுக்கு ஓடுவார்கள்,
சிலர் திரும்புவதில்லை.
அரைநாளை முழுநாளாக்கி
வருகைப் பதிவேட்டில் எழுதியதும்
இதே பேனாதான்.

இருபதை அடித்து ஆறு என்று எழுதினேன்.
மூன்றாம் தீர்மானத்தை முழுக்க அடித்தேன்.
'தண்ணீர் இல்லை. ஏழு மாதமாக.'
அவ்வளவு பெரிய நோட்டில்
ரொம்பச் சின்னதாக இருந்தது அது.
அடித்த இடத்திலெல்லாம் கையெழுத்து வேண்டும்,
விதி அப்படி என்றேன்.
பக்கம் முழுக்கக் கொலுசாயிற்று.

வட்டாரத்திலிருந்து போன் வந்தது.
"யார் அடிச்சது?"
"தலைவி" என்றேன்.
பாதி உண்மை.

மோட்டார் பார்க்க ஆள் நகரியில்தான்.
வந்தான், கழற்றினான், தூக்கிப் போனான்,
இரண்டு வாரம் கழித்து மாட்டினான்.
பில் தெலுங்கில்.
தணிக்கைக்குத் தமிழில் வேண்டும்.

அக்டோபர் கூட்டத்தில் ஒன்பது பேர்.
முனெம்மா பில்லை மடியில் விரித்துக்கொண்டாள்.
சொல்லுக்குக் கீழே விரல் வைத்து
அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்:
செம்புக் கம்பி. பேரிங் இரண்டு. கூலி.
பஸ் சார்ஜ், போக வர. டீ நான்கு.

"டீயை எழுத வேண்டாமே" என்றேன்.

"குடிச்சாங்க இல்ல?"

எழுதினேன்.