இரண்டு லீற்றர் குறைவு

அந்த இரவில் தாங்களும் நின்றதாக
இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.
நின்றது முப்பத்தேழு பேர்.
நுழைவுக் காசு வாங்கியது நான்,
ஜெனரேற்றரும் என் பொறுப்பு.

சீனக்குடாப் பற்றைக்குள்
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கி.
கவிழ்த்து வைத்த பெரிய சட்டி.
உள்ளே கை தட்டினால்
சத்தம் சுவரை ஒரு சுற்றுச் சுற்றி
வயதாகித் திரும்பி வரும்.
உப்புவெளி விடுதிக்காரர் துரத்திய பிறகு
எங்களுக்கு மிஞ்சிய மண்டபம்.

உப்புவெளிக்கு முதலில் வந்தது
வெளிநாட்டுக்காரரின் ட்ரான்ஸ்.
ஒரு பருவம் முழுக்கக் கரையில் அடித்தது.
வாடை தொடங்க அவர்கள் பறந்துவிட்டார்கள்.
ஒரு பென் டிரைவ் மட்டும்
குசினியில் கோப்பை கழுவிய அஸ்ஜத்தின்
சட்டைப்பையில் தங்கியது.
அவன் அதைக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்
ஆட்டோக்காரரின் பேஸ் பெட்டிக்குத் தீனியாகப் போட்டான்.
மேகமெல்லாம் உதிர்ந்து இடி மிஞ்சியது.
பாலத்தால் போன ஒவ்வொரு ஆட்டோவும்
அதில் ஏதோ ஒரு திருகாணியை மாற்றியது.
ஒருவன் ஹோர்னைச் சேர்த்தான்.
இன்னொருவன் பாட்டுக்காரியை வெட்டி
அவள் மூச்செடுத்த இடத்தை மட்டும் வைத்துக்கொண்டான்.
பெயர் கிடையாது.
"பாலத்துச் சாமான் இருக்கா" என்று கேட்டால்
தருவார்கள்.

பாலையூற்று ஒல்வின் பர்தலோட்
வேறு வழியால் வந்தவன்.
அவன் வீட்டுக் கலியாணங்களில் கஃப்ரிஞ்ஞா:
ஆறா மூன்றா என்று
இடுப்புக்கே தெரியாத தாளம்.
வயலினும் ரபானும், இழுபட்ட கசெற்றில்,
தகப்பன் பதிந்தது.
அன்றைக்கு அதைக் கொண்டுவந்ததே
அஸ்ஜத்தைச் சீண்டத்தான்.

டீசல் வரிசையில் பாதி நாள் நின்ற வருசம் அது.
கான் நிரம்பவில்லை.
நிரம்பியது என்று சொன்னேன்.

ஒரு மணி இருக்கும், மிசின் இருமத் தொடங்கியது.
மடிக்கணினி தன் பற்றரியில்
நூற்றிருபத்தெட்டில் பிடிவாதமாக நின்றது.
கசெற் மட்டும் கரண்டோடு சேர்ந்து சரிந்தது.
வயலின் மாடாயிற்று.
ஆறு, நாலின்மேல் தடுக்கி,
எழும்பி, திரும்பவும் தடுக்கி,
இருட்டில் இல்லாத படியில்
கால் வைத்ததைப் போல.
அஸ்ஜத்தின் கை நிறுத்தப் போனது.
"கை வைக்காத!"
கத்தியது விதுர்ஷிகா, தாதிக் கல்லூரிப் பெட்டை.
கண்ணைத் திறக்காமலே கத்தினாள்.
அவள் கால் ஏற்கெனவே வழியைக் கண்டுபிடித்திருந்தது:
இரண்டு அடி நேரே,
மூன்றாவதை விழவிட்டுப் பிடிப்பது.
முப்பத்தேழு பேரும் விழவிட்டுப் பிடித்தோம்.
தாங்கி அதை வாங்கி
பிந்தித் திருப்பித் தந்தது.
நாலு நிமிசம்தான். பிறகு இருட்டு.
இருட்டுக்குள்ளும் செருப்புகள்
அடித்துக்கொண்டேயிருந்தன.

இப்போது அதற்குச் "சரிவு" என்று பெயர்.
மட்டக்களப்பில் அடிக்கிறார்கள்,
தெஹிவளையில் ஒரு மொட்டைமாடியில் அடிக்கிறார்கள்.
ரொறொன்ரோவில் ஒருவன் மென்பொருளே செய்திருக்கிறான்;
குமிழைத் திருகினால் டீசல் குறையும்.
கஃப்ரிஞ்ஞாதான் தாய் என்கிறான் ஒல்வின்.
பாலம் இல்லாவிட்டால் என்ன தாய் என்கிறான் அஸ்ஜத்.
இரண்டு பேரும் கதைப்பதில்லை.
ஒல்வினின் தகப்பன் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு
"நாடாவைப் பழுதாக்கிப் போட்டீங்கள்" என்றார்.

என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை.
அந்த இரண்டு லீற்றர்க் காசில்
எனக்கொரு கொத்து ரொட்டியும்
ஃபோனுக்கு ரீலோட்டும் போட்டேன்.

போன சனி, பஸ் நிலையத்தில்,
மான்கள் படுத்துக் கிடக்கிற பக்கம்,
ஒரு பொடியன் கைப்பேசியில் ஏதோ போட்டிருந்தான்.
அது சரியவில்லை. ஏறியது.
அடிவயிற்றில் செருமி, விக்கி, பிடித்து,
யாரோ இருட்டில் கயிறை இழுத்து இழுத்து
மிசினை எழுப்புவதைப் போல.
"தம்பி, இது என்ன?"
"இன்னும் பேர் வைக்கேல்லை, அக்கா.
சரிவெல்லாம் பழசு."

மூன்றாவது அடியை
மெல்ல விழவிட்டுப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
கந்தளாய் பஸ் வந்தது.
அவன் ஏறிப் போய்விட்டான்.